பத்தி நான்கு

சனிக்கிழமை. மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் பின்பக்கம்
பழைய ரெக்கார்டு அறையில் இலவச சட்ட உதவி.
மற்ற நாளெல்லாம் நான் வரப்புத் தகராறு வக்கீல்,
அளந்த நிலத்தையே மறுபடி அளக்கக் கேட்டுச் சாப்பிடுகிறவள்.
இங்கே ஃபீஸ் என்கிற கட்டத்தில்
டைப்பிஸ்ட் ருக்மாங்கதன் ஒரு கோடு போடுவார்.

மூன்றாவது டோக்கன் அஞ்சலாட்சி.
காடாம்புலியூரில் முதல் பஸ், பண்ருட்டியில் மாறி இன்னொன்று.
முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை.
வக்காலத்தில் கையெழுத்து கேட்டேன்.
தெரியாது என்று கட்டைவிரலை நீட்டினாள்.
மையில் அழுத்தி எடுத்த விரல்
தாளில் வெறும் கறுப்பு வட்டமாக விழுந்தது.
மறுபடியும் அதே வட்டம்.
ரேகையைத் தோட்டெண்ணெய் தின்றுவிட்டிருந்தது.
"ரேஷன் கடை மிஷினும் என்னத் தெரியாதுன்னுதாம்மா சொல்லுது."

சரி, மனுவைப் பார்ப்போம் என்றேன்.
ஒன்பது வருஷமாக ஒரே மனுதான்
பேரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு வருகிறது.
வாசித்துக் காட்டினேன். பத்தி நான்கு:
'எதிர்மனுதாரர் எவ்வித நியாயமான காரணமுமின்றி
மனுதாரரைக் கைவிட்டுவிட்டார்.'

"அவுரு எங்க வுட்டாரு? நாந்தான் வந்தேன்."

ஜீவனாம்சம் கேட்டால் அப்படி எழுதக் கூடாதும்மா,
தக்க காரணம் இல்லாமல் பிரிந்தவளுக்குக் கிடைக்காது என்று
விளக்கினேன். தண்ணீர் குடித்தேன். திருத்தினேன்:
'சேர்ந்து வாழ முடியாத சூழ்நிலையில் வெளியேறினார்.'

"முடியாமலா? பதினோரு வருஷம் முடிஞ்சுதேம்மா.
வேணாம்னுதான் வந்தேன்."

ருக்மாங்கதன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.
முடியாது என்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.
வேண்டாம் என்பதை எந்தப் பிரிவில் போடுவது?

அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டேன்.
ஒன்பது வருஷத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன், தெரியவில்லை.

"அன்னிக்கு அடிக்கக்கூட இல்ல.
சோத்துத் தட்டைத் தள்ளி வுட்டாரு, அவ்ளோதான்.
சின்னவ எழுந்து போயி அடுப்புப் பக்கம் மூலையில
முட்டியக் கட்டிக்கினு குந்திக்கிச்சு.
நான் எப்பவும் குந்துவேனே, அந்த மாதிரியே.
ஆறு வயசும்மா அதுக்கு."

மற்ற நாட்கள்?
தை மாசம் மணிக்கட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா?
இருக்கிறது, அரிசி டப்பாவில்.
அதற்கு முன்னால் காது. அதற்குச் சீட்டு இல்லை.
வேப்பெண்ணெய்தான்.

பத்தி நான்கை அவள் வாயால் சொல்லச் சொல்லித்
தட்டச் சொன்னேன். தட்டு, மூலை, முட்டி எல்லாம்.
கீழே தேதி போட்டுக் காயங்கள்.
"ஜட்ஜய்யா படிச்சா சிரிப்பாரு மேடம்."
படிக்கட்டும்.
"பழைய வரிய அழிச்சிடட்டுமா?"
எனக்கு உடனே பதில் வரவில்லை.
அந்த வரியை வைத்து ஜெயித்தும் இருக்கிறேன்.
அப்படிக் கைவிடப்பட்டவர்களாகவே என் கையால் போனவர்களில்
எத்தனை பேர் தாங்களே தாழ்ப்பாளைத் திறந்தவர்கள்?
இருக்கட்டும் என்றேன். கோழைத்தனம்தான்.

முழு மனுவையும் இரண்டு தடவை வாசிக்க வைத்தாள்.
மூன்றாம் பக்கத்தில் தனவேலின் அப்பா பெயரில்
ஒரு எழுத்தைத் திருத்தினாள்.
பிறகு, பேனா குடுங்க, என்றாள்.

அஞ்சலாட்சி.
ஒவ்வொரு புள்ளியும் அதனதன் தலையில்.

தெரியாதுன்னீங்களே?

"வெத்துப் பேப்பர்ல ஒருக்கா போடச் சொன்னாரு, போட்டேன்.
அம்மா குடுத்த மனைக்கட்டு போயிடுச்சி.
அதுலேர்ந்து தெரியாது."

சொல்லிக்கொண்டே, பேருக்குக் கீழே
தாளில் மீந்திருந்த இடத்தில்
மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள்,
இனி யாரும் அங்கே ஒன்றும் எழுத முடியாதபடி.